மலையிலிருந்து அச்சேறிய ஆய்வு

கோடைக்கானல் வானாய்வகத்தின் வரலாற்றை அதன் தொலைநோக்கிகளைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு என்றாலும், அதன் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவை அங்கிருந்து வெளிவந்த, சில பக்கங்களே கொண்ட ‘புல்லட்டின்’ எனும் ஆய்வு அறிக்கைகள்தாம். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்துக்குப் பின், சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்ததால், சூரியனை நாள்தோறும் படமெடுக்க ஒரு மலையிடம் தேடப்பட்டது. சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தார். கடல்மட்டத்துக்கு 2,343 மீட்டர் மேலே, வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் வண்டி ஏறும் சாலை அமையாத அக்காலத்தில், 1899ஆம் ஆண்டு சூரிய ஆய்வு சென்னையிலிருந்து அங்கு மாற்றப்பட்டது.

1907இல் அங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5ஆம் நாள் ஒரு கரும்புள்ளியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறங்களாகப் பிரிந்து விழும் பட்டையை, படமெடுத்தார். அந்தப் பட்டையின் குறுக்கே தெரியும் கருங்கோடுகள், ஒளியை உறிஞ்சும் வாயு நம்மை நோக்கி வந்தால் ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். கரும்புள்ளிக்குள் வாயு சூறாவளி போலச் சுழல்கிறது என்ற கருத்து அப்போது வலுத்திருந்தது. முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். எவர்ஷெட்டின் ஒளிப்படத் தட்டிலோ கோடுகள் வேறொன்றைக் காட்டின. புள்ளியைச் சூழ்ந்த சாம்பல்நிற வளையத்தில், சூரிய விளிம்பை ஒட்டிய பக்கத்தில் அவை சிவப்புக்கும், எதிர்ப்பக்கத்தில் ஊதாவுக்கும் நகர்ந்திருந்தன. சூரிய வட்டத்தின் நடுவே இருந்த புள்ளிகளில் நகர்வு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வாயு சுழலவில்லை, வளையத்தின் உட்புறத்திலிருந்து வெளிநோக்கி, சூரியப் பரப்பை ஒட்டியே, நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்பதே இதற்குப் பொருந்திய ஒரே விளக்கமாக இருந்தது.

அவ்வாண்டிலேயே இம்முடிவு கோடைக்கானல் புல்லட்டின் 15ஆம் எண்ணாகவும், லண்டன் அரச வானியல் கழகத்தின் மாத இதழிலும் வெளியாயிற்று. அச்சில் வந்ததால்தான் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் அதைப் பல கோடுகளில் அளந்து 1913இல் உறுதிப்படுத்த முடிந்தது. எவர்ஷெட் 1915இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வெளிப்பாய்வு ‘எவர்ஷெட் விளைவு’ எனப் பெயர்பெற்றது. இதில் அவருடைய கூர்மைக்கு ஈடாக மதிக்கத்தக்கது ஒன்று உண்டு: அவர் அரசு ஊழியர், கண்டதை அச்சிட்டு உலகுக்கு அனுப்புவதை அந்த அரசு அவருடைய பணியின் ஒரு பகுதியாகவே கருதியது.

அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதை இந்திய இனப்பெருக்க மருத்துவத்தின் வரலாறு மிகுந்த துயரத்துடன் காட்டுகிறது. மேற்கு வங்க அரசு மருத்துவரான சுபாஷ் முகோபாத்யாய், இரு சக ஆய்வாளர்களுடன் செய்த முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ‘துர்கா’ என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவான உலகின் முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. ஹார்மோன் ஊசியால் ஒரே சுழற்சியில் பல கருமுட்டைகளை வளரச்செய்து, உருவான கருவை உறையவைத்துக் காத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார் அவர். இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாட நடைமுறையாகிவிட்ட முறைகள் இவை. அவர் அச்சில் விட்டுச்சென்றதோ, உறைகுளிர் அறிவியலுக்கான இந்திய இதழ் ஒன்றில் வந்த சிறு குறிப்பு மட்டுமே. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து கருத்தரங்குக்கு வந்த அழைப்பை ஏற்க அரசு அனுமதி தரவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர், அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாயிற்று. அதற்குக் காரணமான ஆய்வாளர்களில் ஒருவரான டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்கன்று, அவருக்கே உரியது என்று 1997இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். அந்நேர்மை தாமதமாக வந்தது. ஆயினும் அதுவும் ஓர் ஆய்வுக் கட்டுரையின் வடிவில்தான் வர முடிந்தது.

ஒருவருடைய கட்டுரையைப் பிற்காலத்தவர் தம் கட்டுரைகளில் ஆதாரமாகச் சுட்டுவது மேற்கோள் எனப்படும். அவற்றை எண்ணி ஆய்வாளரை மதிப்பிடும் வழக்கம், யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்ட பின் வேரூன்றியது. இக்கணக்கு கோடைக்கானலுக்கு முழு நியாயம் செய்யாது. எவர்ஷெட் விளைவு என்ற பெயரை எழுதுவோர் பலர், அது பொதுவறிவாகிவிட்டதால், 1909ஆம் ஆண்டு அறிக்கையைத் தனியே சுட்டுவதில்லை. ஆய்வகத்தின் பெருஞ்செல்வமான படத்தட்டுகளின் நிலையோ இன்னும் நுட்பமானது. 1904 முதல் திரட்டப்பட்ட அத்தட்டுகள் எண்ணிம வடிவம் பெற்று, சூரியச் சுழற்சிகளை நூறாண்டுக்கு மேல் பின்தொடரும் கட்டுரைகளுக்கு அடிப்படையாகியிருக்கின்றன. மூடுபனி விலகும் காலை நேரத்துக்காகக் காத்திருந்து அவற்றை எடுத்தவர்களில், ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினரும் அடங்குவர். அவர்களுடைய உழைப்பு மேற்கோள் எண்ணிக்கையில் ஏறுவதில்லை. தட்டின் நாளோடும் எண்ணோடும் அதை எடுத்தவர் பெயரையும் சேர்த்து வெளியிடுவதற்கு இனியேனும் வழிசெய்யப்பட வேண்டும்.