பட்டமும் பாத்தியதையும்

பழைய கட்டடங்களின் திறப்பு விழாக் கற்களில் ‘ராவ் பகதூர்’, ‘திவான் பகதூர்’, ‘சர்’ முதலிய அடைமொழிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை ஒரே தரத்தன அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த படிகள்.

தென்னாட்டு இந்துக்களுக்கு முதற்படி ராவ் சாகிப்; அடுத்தது ராவ் பகதூர்; அதனினும் மேலானது திவான் பகதூர். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர் என்பன வழங்கப்பெற்றன. புத்தாண்டிலும் மன்னர் பிறந்தநாளிலும் பட்டியல் வெளியாகும். தாழ்த்தப்பட்டோர்க்காக உழைத்த இரட்டைமலை சீனிவாசன் 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் என இம்மூன்று படிகளையும் ஏறியவர்.

இவற்றுக்கும் மேலே, 1861இல் தோன்றிய ‘இந்திய நட்சத்திரம்’, 1878இல் தோன்றிய ‘இந்தியப் பேரரசு’ என்னும் விருது வரிசைகள் இருந்தன. அவற்றின் கடைநிலையினர் தம் பெயருக்குப் பின்னே சி.ஐ.இ. போன்ற எழுத்துக்களை இட்டுக்கொள்ளலாம். ‘சர்’ என்று முன்னே இட இயலாது. மேல்நிலையினர்க்கே அவ்வுரிமை உண்டு.

இத்தகைய பட்டங்கள் தந்தவரிடமே திரும்பவும் கூடும். இந்தியர்க்குத் தன்னாட்சி வேண்டி அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கு 1917இல் சுப்பிரமணிய ஐயர் கடிதம் எழுதினார். ஆட்சியாளர் அதனைக் கண்டித்தபோது, 1918இல் ‘சர்’, ‘திவான் பகதூர்’ ஆகிய இரண்டையும் அவர் துறந்தார். அவருடைய மதிப்பு குறையவில்லை; வளர்ந்தது.

இனி, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையை நோக்குவோம். அங்கே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள் மலையைப் பங்கிட்டு ஆண்டன. ‘ஜாகீர்தார்’ என்பதும் பட்டம் போலவே ஒலிக்கும். ஆயினும் அது வெள்ளையர் வழங்கிய விருதன்று. அவர்கள் விட்டுவைத்த பழம் பாத்தியதை. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது; மலையாளிப் பழங்குடியினரிடம் வரி பெற்றது; கூலியில்லா வேலையும் வாங்கிற்று.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதனையும் அரசு வழங்கலாகாது என்றது. ஆனால் கல்வராயன் மலையின் ஜாகீர் ஆட்சி 1976இல்தான் முடிவுற்றது. பெயருக்கு முன் நின்ற பட்டத்தை ஒரு விதி நிறுத்திவிட்டது. நிலத்தின்மேல் நின்ற பாத்தியதை அகல மேலும் 26 ஆண்டுகள் சென்றன.

ஆதலின், வரலாற்றில் ஒரு பட்டத்தைக் காணும்போது, “இது யாருடைய பெயரை அலங்கரித்தது?” என்பதோடு நில்லாதீர்கள். “இது யாருடைய உழைப்பை வாங்கிற்று?” என்றும் கேளுங்கள்.