பிரிஸ்டல் வேண்டி வேண்டாமென்ற பதவி

2012 மே மாதம் இங்கிலாந்தின் பத்து நகரங்களிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: நகர நிர்வாகத்தின் தலைவரை, கவுன்சிலர்களுக்குப் பதிலாக மக்களே மேயராகத் தேர்ந்தெடுக்கலாமா? ஒன்பது நகரங்கள் மறுத்துவிட்டன. பிரிஸ்டல் மட்டும் இசைந்தது. அங்கும் வாக்களித்தோர் நான்கில் ஒருவருக்கும் குறைவே.

முதல் மேயர் ஜார்ஜ் ஃபெர்குசன், கட்டடக் கலைஞர், சுயேச்சை. சம்பளத்தை உள்ளூர்ப் பணமான 'பிரிஸ்டல் பவுண்ட்'டில் வாங்கிக்கொண்ட சுவாரசியமான மனிதர். 2016இல் அவரை வென்றவர் தொழிற்கட்சியின் மார்வின் ரீஸ். தந்தை ஜமைக்காக்காரர். அடிமை வணிகத்தில் கொழித்த துறைமுக நகரத்திற்கு இப்படியொரு மேயர்!

நகர நடுவே அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலை 1895 முதல் நின்றிருந்தது. அதனடியில் உண்மையைச் சொல்லும் பலகையொன்று வைக்க முயன்றார்கள். வாசகம் நீர்த்துப்போனதைக் கண்டு 2019இல் ரீஸ் அதைத் தடுத்தார். மாற்று வாசகம் வரவேயில்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் சிலையைச் சாய்த்து, உருட்டிச் சென்று துறைமுகத்தில் தள்ளியது. சேதப்படுத்தியதை ஏற்க முடியாது, ஆனால் அச்சிலை தமக்கே ஓர் அவமதிப்பாக இருந்தது என்றார் ரீஸ். மழுப்பல் என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பதவி ஒன்றைப் பேச, இரத்தம் வேறொன்றைப் பேசியது.

2022 மே வாக்கெடுப்பில் பிரிஸ்டல் மனம் மாறியது. 2024 மே மாதத்தோடு அந்தப் பதவி மறைந்து, நிர்வாகம் கவுன்சிலர் குழுக்களிடம் சென்றது. சிலை, எம் ஷெட் அருங்காட்சியகத்தில், பூசிய சாயத்தோடு மல்லாந்து கிடக்கிறது.