லோகோமேட்

லோகோமேட் என்பது தண்டுவடக் காயம், பக்கவாதம் போன்றவற்றால் நடை இழந்தவர்களுக்கு மீண்டும் நடை பழக்கும் ரோபோ. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் பொறியாளர் கேரி கொலம்போ, நரம்பியல் மருத்துவர் ஃபோல்கர் டீட்ஸ் முதலானோர் 1990களில் இதை உருவாக்கினர். ஹோகோமா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடி எடுத்து வைக்கும் தாளம் மூளையில் மட்டும் பிறப்பதில்லை. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி நரம்பு வலைப்பின்னலே அதை எழுப்ப வல்லது என்பதை 1911இல் தாமஸ் கிரகாம் பிரவுன் பூனைகளில் கண்டார். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகள், பயிற்சிக்குப் பின் டிரெட்மில்லில் பின்னங்கால்களால் நடந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மனிதருக்கு அந்த வலைப்பின்னல் மட்டும் போதாது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் சிலவாவது தப்பியிருக்க வேண்டும். ஆகவே காயம் முழுமையாக இல்லாதவர்களுக்கே தானாக நடக்கும் வாய்ப்பு அதிகம். இதைத் தொடக்கத்திலேயே நோயாளியிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ரோபோ வருவதற்கு முன், இரண்டு மூன்று பிசியோதெரபிஸ்டுகள் டிரெட்மில் ஓரம் குனிந்தமர்ந்து நோயாளியின் கால்களைக் கையால் தூக்கி வைத்தார்கள். சில நிமிடங்களில் அவர்கள் முதுகு ஓய்ந்துவிடும். லோகோமேட்டில், மேலிருந்து தொங்கும் கச்சை உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. கால்களோடு பட்டைகளால் கட்டிய சட்டகத்தில் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மோட்டார்கள் இயக்குகின்றன. மணிக்கு 2 கி.மீ. அளவில் அரை மணிக்கும் மேல் இடைவிடாமல் நடக்கலாம்.

ஆனால் இயந்திரமே முழுதும் நடத்திவிட்டால் நரம்பு மண்டலம் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது. மோட்டார் உதவியைப் படிப்படியாகக் குறைத்து, நோயாளி தன் முயற்சியைத் திரையில் பார்த்துக்கொண்டே உந்துமாறு செய்வதில்தான் பயிற்சியின் பலன் இருக்கிறது. கைகளால் உதவிய டிரெட்மில் பயிற்சியைத் தரையில் நடைபழகுவதோடு ஒப்பிட்டு, வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவியைவிட, இடைவிடாத பயிற்சிக்கே முதலிடம் என்று கொள்ளலாம்.

எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள், படுக்கைப்புண் ஆறாதவர்கள், மூட்டு மடங்கி இறுகியவர்கள் ஆகியோரை லோகோமேட்டில் ஏற்றுவதில்லை. இது மருத்துவமனைக் கருவி. உடலில் அணிந்து வெளியே நடக்க உதவும் ரீவாக் போன்றவை வேறு வகை. இஸ்ரேலின் அமித் கோஃபர் உருவாக்கிய ரீவாக்கை வீட்டில் பயன்படுத்த அமெரிக்கா 2014இல் அனுமதித்தது. லோகோமேட் பழக்குவது சமதளத்தில் நேராக நடப்பதை மட்டுமே. திரும்புவது, வாசற்படி தாண்டுவது, தடுமாறினால் சமாளிப்பது எல்லாவற்றையும் இணைகம்பிகளுக்கு இடையிலும் பிறகு தரையிலும் தனியே பழக வேண்டும்.