வழி காட்டியவர்

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அதன் ஸ்தல புராணத்தை விசாரிப்பது என் பழக்கம். கோயில் இல்லாத ஊருக்குக்கூட ஒரு புராணம் இருக்கத்தான் செய்கிறது. அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரான ஜூனோவில், அது எனக்கு மயானத்தில் கிடைத்தது.

ஜூனோ தீவு அல்ல. பெருநிலத்தின் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. கப்பலில் போக வேண்டும். இல்லையேல் விமானத்தில் போய் இறங்க வேண்டும். ஊரிலிருந்து வடக்கே சுமார் 40 மைல் ஓடும் சாலை, 'இதற்கு மேல் என்னால் ஆகாது' என்பதுபோலக் காட்டிலே நின்றுவிடுகிறது. ஊரின் முதுகுப்புறத்தில் சுமார் 1,500 சதுர மைல் பனிவெளி. சுற்றிலும் டாங்காஸ் என்னும் மாபெரும் வனம். எதிரே ஒடுங்கிய கடல். இந்த இடுக்கிலே சுமார் 32,000 ஜனங்கள் குடியிருக்கிறார்கள். குப்பைத் தொட்டியைத் தேடிக் கரடி தெருவுக்கே வந்துவிடுவதும் உண்டு!

இப்படிப்பட்ட வனாந்தரத்தில் ஒரு நகரம் எப்படி முளைத்தது? எல்லாம் தங்கம் செய்த வேலை.

அலாஸ்காவை 1867-ல் ருஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு சிட்கா என்ற ஊரில் ஜார்ஜ் பில்ஸ் என்ற சுரங்க எஞ்சினீயர் இருந்தார். தங்கம் கலந்த கல்லைக் கொண்டுவரும் பழங்குடியினருக்குப் பரிசு தருவதாக அவர் சொன்னார். டிலிங்கிட் இனத்தில் ஆக் பிரிவின் தலைவரான கௌவீ அப்படிப்பட்ட கல்லைக் கொண்டுவந்து காட்டினார். உடனே ரிச்சர்ட் ஹாரிஸ், ஜோ ஜூனோ என்ற இருவரை பில்ஸ் அனுப்பிவைத்தார். அவர்களோ மலைக்கு மேலே ஏறிப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டார்கள். வழியில் மதுவின் மயக்கமும் சேர்ந்துகொண்டதாகச் சொல்கிறார்கள்.

கௌவீ விடவில்லை. மேலும் கற்களுடன் வந்து வற்புறுத்தினார். 1880 அக்டோபரில் இருவரையும் அழைத்துக்கொண்டு போய், தங்கம் கிடந்த பள்ளத்தாக்கையே காட்டினார்.

மறு வருஷம் ஊருக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் ஹாரிஸ்பர்க், பிறகு ராக்வெல், கடைசியில் ஓட்டெடுத்து ஜூனோ! ஓட்டுக்காக ஜோ ஜூனோ எல்லோருக்கும் மது வாங்கிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கௌவீயின் பெயர் ஓட்டுக்கு வந்ததாகக் கதைகூடக் கிடையாது. அந்த ஓடைக் கரைக்கு டிலிங்கிட் மக்கள் முன்பே பெயர் வைத்திருந்தார்கள். தட்டை மீன்கள் கூடும் இடம் என்று அதற்குப் பொருள்.

ஆனால் அந்த இருவர் கையிலும் தங்கம் தங்கவில்லை. கிடைத்ததையெல்லாம் செலவழித்துவிட்ட ஜூனோ, 1899-ல் டாசன் நகரில் இறந்தார். ஹாரிஸ் 1907-ல் இறந்தார். ஊருக்கும் அதே கதைதான். எதிர்க்கரையிலிருந்த டிரெட்வெல் சுரங்கத்தில் 1917-ல் கடல் புகுந்தது. ஊரின் பெரிய சுரங்கமும் 1944-ல் மூடப்பட்டது. 1906-ல் சிட்காவிலிருந்து வந்து சேர்ந்த சர்க்கார் காரியாலயங்கள்தான் ஊரைக் காப்பாற்றின.

1962-ல் நடந்ததைக் கேட்டபோதுதான் மனம் கனத்தது. எதிர்க்கரை டக்ளஸ் நகரில் படகுத் துறை அமைப்பதற்காக, அங்கிருந்த டிலிங்கிட் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். வீட்டுக்காரர்களில் பலர் அப்போது மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். வழி காட்டிய இனத்துக்கு, இருக்க வீடும் இல்லாமற் போயிற்று.

எவர்கிரீன் மயானத்துக்கு நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜூனோவுக்கும் ஹாரிஸுக்கும் அங்கே சமாதிகள் இருக்கின்றன. கௌவீ 1892-ல் இறந்தார். நம்மவர்களைப் போலவே அவரையும் தகனம் செய்தார்கள். தகனம் நடந்த இடத்தைக் காட்ட ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

ஊரின் பெயரைப் பார்த்து வந்தவர்கள் ஜூனோவின் சமாதியை விசாரித்தார்கள். நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கௌவீயின் முன்னால் சற்று நேரம் நின்றேன். பிறகு வந்த ஒரு தம்பதி, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். வழி காட்டியவர் யார் என்று சொன்னேன். அந்த ஊரில் என்னால் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான்.