பயிற்சி வினாக்களின் வைப்புமுறை: ஒரு வரலாற்று நோக்கு

பொதுப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர் பலர் இக்காலத்திற் கைத்தொலைபேசிச் செயலிகளைத் துணையாகக் கொள்கின்றனர். மாத்தளை நகரத்து மாணவரிடத்து மட்டுமன்றி, இரத்தோட்டை, எல்கடுவ முதலிய தோட்டப்புறத்து மாணவரிடத்தும் இவ்வழக்கத்தைக் காண்கிறோம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டு இது விரைந்து பரவலாயிற்று. செயலி ஒரு வினாவைக் கேட்கின்றது; மாணவன் விடையைத் தொடுகின்றான்; உடனே மற்றொரு வினா தோன்றுகின்றது. அவ்வினா அவ்விடத்தில் வந்தமைக்குக் காரணம் யாது? அதனைத் தெரிந்தெடுத்தவர் யாவர்? இவற்றை வரலாற்று முறையில் ஒருவாறு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாக்களை அடுக்கும் முறை மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது எனலாம். முதலாவது, பொருளின் இயல்பு நோக்கி அடுக்குதல். இரண்டாவது, பரீட்சையை நோக்கி அடுக்குதல். மூன்றாவது, கற்பவனை நோக்கி அடுக்குதல். இம்மூன்றும் ஒன்றையொன்று அழித்தெழுந்தவை அல்ல. இன்றைய செயலியினுள் மூன்றும் கலந்தே நிற்கின்றன.

நம் முன்னோர் முதலாவதனை நன்கு அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தெழுதிய சிறுவன் முதற்பாடத்தை ஒப்புவித்த பின்னரே அடுத்த பாடத்தைப் பெற்றான். பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பொதுப்பாயிரத்திற் பாடங்கேட்கும் முறையை வகுத்துரைக்குமிடத்து, ஒரு நூலை ஒருமுறை கேட்பதோடு அமையாது இருமுறையும் மும்முறையும் கேட்டலின் பயனைக் கூறுகின்றார். கற்றவரோடு பழகி வினாவுதலும், பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் கல்வியின் பகுதி என்கின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இம்மரபை அச்சு நூலுக்குக் கொணர்ந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெருந்தகை, எளிமையிலிருந்து அருமைக்கு ஏறுமாறு பாலபாடங்களை இயற்றினார். அவரது சைவ வினாவிடை கடவுளியலில் தொடங்கிப் படிப்படியாக ஒழுக்கத்துக்கும் வழிபாட்டுக்கும் செல்கின்றது. ஈண்டு வினாக்களின் ஒழுங்கு பொருளின் ஒழுங்கே. மாணவன் எவனாயினும் வரிசை ஒன்றே.

இரண்டாம் நிலைக்கு வித்திட்டது அரசாங்கம். 1869 இல் இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதன் பின், உதவி பெறும் பாடசாலைகளின் நன்கொடை மாணவர் பரிசோதனையிற் பெற்ற பேறுகளைப் பொறுத்து அளிக்கப்படலாயிற்று. பரிசோதகர் கேட்கக்கூடியதே கற்கத்தக்கது என்னும் எண்ணம் இவ்வழியே வேரூன்றியது. 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்கும் கல்விக் கதவு திறந்தது. திறந்த கதவின் வாயிலிற் பரீட்சை காவல் நின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் என்பன பிள்ளையின் வாழ்வை வகுக்கும் எல்லைக் கற்களாயின. கடந்தகால வினாத்தாள் நூல்கள் வீடுதோறும் புகுந்தன. ஆண்டு வாரியாக அடுக்கிய நூல் ஒருவகை; அலகு வாரியாகப் பிரித்தடுக்கிய நூல் மற்றொரு வகை. ஆசிரியர் முகங்காணாது வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த என் போன்றோர்க்கு அத்தகைய தொகுப்புகளே குருவாயிருந்தன. எனினும் எவ்வினாவை எப்பொழுது மீளவும் செய்தல் வேண்டும் என்பதை அவை கூறவில்லை.

அதனைக் கூற முற்பட்டதே மூன்றாம் நிலை. யேர்மனி நாட்டு அறிஞர் எபிங்கௌஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, அவற்றை மீளக் கற்கையில் எவ்வளவு உழைப்பு மிஞ்சுகின்றது என்று அளந்து, 1885 இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்தின் பின் மிஞ்சியது ஏறக்குறைய 44 வீதம். ஒரு நாளின் பின் 34 வீதம். 31 நாளின் பின் 21 வீதம். மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. இவ்வுண்மையை 1972 இல் செபாஸ்தியன் லைட்னர் என்பார் அட்டைப் பெட்டியொன்றில் அமைத்துக் காட்டினார். சரியாக விடை கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறியது முதலறைக்கு மீளும். பின்னறைகள் நீண்ட இடைவெளியிலேயே திறக்கப்படும். 1987 இல் போலந்து நாட்டு வொஸ்னியாக் இதனைக் கணினிக்கு உரிய கணக்காக்கினார். அவர் முறைப்படி முதல் இடைவெளி 1 நாள்; அடுத்தது 6 நாள்; அதன் பின் முந்திய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்குதல் வேண்டும். தொடக்கப் பெருக்கெண்ணாகிய 2.5 மாறாதிருப்பின் 6 நாள் 15 நாளாகும். 15 நாள் ஏறக்குறைய 38 நாளாகும். விடை தவறின் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். இன்று வழங்கும் நினைவுப் பயிற்சிச் செயலிகள் பல இக்கணக்கின் வழித்தோன்றல்களே.

மறதியை அளப்பது ஒருபுறமிருக்க, வினாவின் கடினத்தை அளப்பது மற்றொரு துறையாக வளர்ந்தது. 1926 இல் அமெரிக்கப் பேராசிரியர் பிரெசி, சரியான விசையை அழுத்தினாலன்றி அடுத்த வினாவைக் காட்டாத பொறியொன்றை விவரித்தார். 1958 இல் இஸ்கின்னர் தமது கற்பித்தற் பொறிகளை எடுத்துரைத்தார். ஆயினும் அவருடைய பொறியில் வேகம் மாத்திரமே ஆளுக்காள் வேறுபட்டது, வரிசை வேறுபடவில்லை. 1960 இல் டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் ராஷ், மாணவன் ஆற்றலையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கும் வழியைக் கண்டார். இரண்டும் சமமாயின், சரியான விடை வருவதற்கும் தவறுவதற்கும் வாய்ப்புச் சரிபாதி. இவ்வளவுகோலைக் கொண்டே, சரியாகச் செய்தவனுக்குக் கடின வினாவும் தவறியவனுக்கு எளிய வினாவும் வழங்கும் முறை பிற்காலத்தில் எழுந்தது. 1995 இல் கோர்பெற், அண்டர்சன் என்னும் இருவர், மாணவன் அறியாமலே ஊகித்துச் சரி செய்தலையும், அறிந்தும் கைதவறுதலையும் கணக்கிற் சேர்த்தனர். இஃது இன்றியமையாததே. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாவில், ஒன்றும் அறியாதவனும் நான்கிற்கு ஒருமுறை வெல்லக்கூடுமன்றோ?

வினாக்களைக் கலந்து வைத்தலின் பயனும் ஆராயப்பட்டது. 2007 இல் உரோரர், தெயிலர் ஆகியோர் கனவளவு காணும் கணக்குகளை ஒரு சாரார்க்கு வகைவாரியாகவும், மற்றொரு சாரார்க்குக் கலந்தும் கொடுத்தனர். பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவரே சிறந்து விளங்கினர். ஒரு வாரத்தின் பின் நடந்த சோதனையிலோ, கலந்து செய்தோர் 63 வீதமும் மற்றவர் 20 வீதமும் பெற்றனர். எந்த வழியைக் கையாள்வது என்று தெரிதலே கணக்கிற் பாதி. அலகுத் தலைப்பு அதனை முன்னரே காட்டிக் கொடுத்துவிடுகின்றது. ஆகவே பயிற்சியிற் பெறும் புள்ளி கற்றதன் அளவன்று என்பதை மாணவரும் பெற்றோரும் உணர்தல் வேண்டும்.

இத்துணை நுட்பம் பொருந்திய செயலியும் காணாத ஒன்று உண்டு. என் வகுப்பில் தோட்டத்து மாணவி ஒருத்தி பின்னக் கணக்கொன்றிலே திரும்பத் திரும்ப இடறினாள். ஒருவர் சம்பளத்தில் 1/3 பங்கை உணவுக்குச் செலவிட்டு, எஞ்சியதில் 1/4 பங்கைச் சேமித்தால், சேமிப்பு முழுச் சம்பளத்தில் எத்தனை பங்கு என்பது வினா. விடை 1/6, அவள் 1/4 என்றாள். செயலி அவளுக்கு எளிய பின்னப் பெருக்கல்களைக் கொடுத்தது. அவற்றைப் பிழையின்றிச் செய்தாள். மீண்டும் இவ்வினா வந்தது, மீண்டும் தவறினாள். இவ்வாறு ஏறியும் இறங்கியும் பல நாள் கழிந்தன. தனக்குக் கணிதம் வாராது என்னும் முடிவுக்கும் அவள் வந்துவிட்டாள். அருகிலிருத்தி, “மிச்சக் காசிலே கால்வாசி” என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. சரியான விடை உடனே வந்தது. அவளுக்குத் தெரியாதது பின்னம் அன்று. “எஞ்சியது” என்னும் சொல். அவள் வீட்டில் வழங்குவது மிச்சம். செயலி கண்டது தவறான விடையை. தவறின் காரணத்தை அன்று.

கற்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து கொடுத்தலையே நன்னூலார் ஆசிரியன் கடமையாகக் கூறினார். இன்றைய கணக்கு முறைகள் அக்கடமையின் ஒரு பகுதியை, அஃதாவது எப்பொழுது மீளக் கேட்பது, எவ்வளவு கடினமாகக் கேட்பது என்பவற்றை, மனிதரிலும் செவ்வையாக ஆற்றக்கூடும். நாற்பது பிள்ளைகளின் மறதியை ஓர் ஆசிரியர் நாள்தோறும் நினைவில் வைத்தல் இயலாது. ஏன் தவறினான் என்று கேட்பதோ நம்மிடமே எஞ்சியிருக்கின்றது. ஆதலின் மாணவர் செயலி தரும் வினாவைப் புறக்கணித்தலும் வேண்டா. அதன் தீர்ப்பைத் தம் தகுதியின் அளவாகக் கொள்ளுதலும் வேண்டா. மும்முறை தவறிய வினாவை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடங் கொண்டு செல்க. ஆசிரியரும் அத்தாளை வாங்கிக்கொண்டு, பிள்ளை தான் எண்ணியவாற்றைத் தன் வாய்மொழியாற் கூறும்வரை பொறுத்துக் கேட்பாராக.