நெய்வேலி: ஓய்ந்துபோன முதல் கொதிகலன்கள்

நெய்வேலியில கிடைக்கறது பழுப்பு நிலக்கரி. ஈரம் ஜாஸ்தி, சூடு கம்மி. ரயிலேத்தி தூரமா கொண்டுபோனா கட்டுப்படியாகாது. அதனால சுரங்கத்துப் பக்கத்துலயே அனல்மின் நிலையம் கட்டினாங்க. வெட்டின கரி கன்வேயர் பெல்ட்டிலேயே வந்து சேர்ந்துடும்.

சோவியத் உதவியோட முதல் யூனிட் 1962ல ஓட ஆரம்பிச்சது. 1970க்குள்ள 50 மெகாவாட்ல ஆறு, 100 மெகாவாட்ல மூணு, ஆக மொத்தம் 600. சுரங்கத் தேவை போக மிச்சம் முழுக்க தமிழ்நாட்டுக்கே. கிராமத்து பம்ப்செட்டும் குண்டு பல்பும் பெருகின காலம் அது.

58 வருஷம் உழைச்சிட்டு 2020 செப்டம்பர் 30ல நின்னுபோச்சு. அதுக்குப் பதிலா பக்கத்துலயே 1000 மெகாவாட் புது நிலையம் வந்தாச்சு. அதுக்கும் அதே பழுப்பு நிலக்கரிதான்.

ஆக, மெஷினுக்குத்தான் ரிட்டயர்மெண்ட், சுரங்கத்துக்கு இல்லை. 2023 ஜூலையில வளையமாதேவியில, சுரங்க விரிவாக்க வேலைக்காக, நெற்பயிர் நின்ன வயல்ல இயந்திரம் இறங்கினதை டிவில பார்த்திருப்பீங்க. அறுக்கற வரைக்கும் கூடவா பொறுக்க முடியலைன்னு மனசு கேட்டுது.

நின்னுபோன நிலையத்துக்கு அறுபது வருஷம் முன்னாடி நிலம் கொடுத்த குடும்பங்க இப்போ எங்கே இருக்காங்க? நெய்வேலிப் பக்கத்து பதிவர்கள் யாராச்சும் இருந்தா, உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதுங்களேன். மெகாவாட் கணக்கு நிறைய பேர் எழுதிட்டாங்க, இது பாக்கி இருக்கு.