நாடு, நகரம், தெரு: இணைய விளம்பரத்தில் இடத்தேர்வு வளர்ந்த விதம்

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் வெளியாயின. அங்கே இடம்பெற்ற ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர், நியூயார்க்கில் பார்த்தவருக்கும் டோக்கியோவில் பார்த்தவருக்கும் ஒன்றேதான். விளம்பரத் தொழிலுக்கு இது ஒருவகையில் பின்னடைவு. நாளிதழின் மதுரைப் பதிப்பில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் சென்னைப் பதிப்பில் இருக்காது என்பது அச்சுக்காலத்துப் பாலபாடம். அமெரிக்காவில் 1963-ல் ஜிப் கோடு எனும் அஞ்சல் எண் வந்தது. 1970களில் கிளாரிட்டஸ் நிறுவனம் அந்த எண்களை வைத்தே எந்தப் பகுதியில் எத்தகைய குடும்பங்கள் வாழ்கின்றன என்று வகைபிரித்து விற்றது. அச்சுக்கும் அஞ்சலுக்கும் தெரிந்திருந்த ஊர்ப்பெயர் இணையத்துக்குத் தெரியவில்லை. அதைக் கண்டறியும் முயற்சியே ‘ஜியோ டார்கெட்டிங்’ என்று தொழில்வட்டாரத்தில் வழங்கும் இடத்தேர்வு முறையாக வளர்ந்தது.

முதலில் கைகொடுத்தது ஐபி முகவரி. இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. ஐரோப்பாவுக்கு ரைப் என்சிசி, ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்நிக், வட அமெரிக்காவுக்கு ஏரின் என மண்டலப் பதிவகங்கள் இந்த எண்களைத் தொகுதி தொகுதியாக இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒதுக்குகின்றன. எந்தத் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்பது பொதுப்பதிவில் இருக்கும். ஆனால் அந்தப் பதிவு காட்டுவது எண்ணைப் பெற்ற நிறுவனத்தை. அதைப் பயன்படுத்துபவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அல்ல. இந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்புவதே 1990களின் பிற்பகுதியில் ஒரு வணிகமாயிற்று. டிஜிட்டல் என்வாய், குவோவா, 2002-ல் தொடங்கிய மேக்ஸ்மைண்ட் ஆகியவை எண்ணைக் கொடுத்தால் ஊரைச் சொல்லும் தரவுத்தளங்களை விற்றன.

விளம்பரத்துக்காகச் செய்த இந்த ஊகம் முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது விளம்பர அலுவலகத்தில் அல்ல, பாரிஸ் நீதிமன்றத்தில். யாகூவின் ஏலத்தளத்தில் நாஜி நினைவுப்பொருட்கள் விற்கப்படுவதை எதிர்த்து 2000-ல் லிக்ரா என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பும் யூத மாணவர் ஒன்றியமும் வழக்குத் தொடுத்தன. அத்தகைய பொருட்களைப் பார்வைக்கு வைப்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். பிரான்ஸிலிருந்து வருபவர் யார் என்று தனியே பிரித்தறிய வழியில்லை என்பது யாகூவின் வாதம். நீதிபதி ழான் ழாக் கோமேஸ் மூன்று வல்லுநர்களை அமர்த்தினார். அவர்களில் ஒருவர் இணைய நெறிமுறைகளை வகுத்தவர்களுள் முதன்மையானவரான விண்ட் செர்ஃப். மற்ற இருவர் பென் லாரி, பிரான்சுவா வாலோன். ஐபி முகவரியைக் கொண்டு பிரான்ஸில் இருப்போரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை அடையாளம் காணலாம் என்றது அவர்கள் அறிக்கை. இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லின் சந்தாதாரர்கள் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. பாரிஸிலிருந்து இணைந்தாலும் அவர்கள் முகவரி, நிறுவனத்தின் தலைமையகம் இருந்த வர்ஜீனியாவைக் காட்டியது.

2000 நவம்பர் 20 அன்று வந்த உத்தரவில் நீதிபதி சுட்டிக்காட்டிய ஒரு செய்தி யாகூவின் வாதத்தை அடியோடு சாய்த்தது: பிரான்ஸிலிருந்து ஏலத்தளத்துக்கு வருபவர்களுக்கு அந்நிறுவனம் பிரெஞ்சு மொழியில் விளம்பரப் பேனர்களைக் காட்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் விற்கத் தெரியும் இடம், சட்டத்துக்குக் கீழ்ப்படிய மட்டும் தெரியாமல் போகுமா? எல்லையற்றது என்று இணையத்தைப் பற்றி அன்று பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு குறிப்பில் ஆட்டம்கண்டது. வல்லுநர் பென் லாரியே பிற்பாடு தம் அறிக்கையின் வரம்புகளை எடுத்துரைத்து ஒரு மன்னிப்புக் கட்டுரை எழுதினார்.

ஊகம் உண்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டால் நேர்வது என்ன என்பதற்குக் கன்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணைவீடு சான்று. ஒரு முகவரி அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதற்கு மேல் எதுவும் தெரியாதபோது, மேக்ஸ்மைண்ட் தரவுத்தளம் நாட்டின் மையப்புள்ளியைத் தோராயமாக்கி 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று விடைதந்தது. அந்தப் புள்ளி பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு வீட்டு வளாகத்துக்குள் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரு வாசலைக் காட்டின. விளம்பரதாரர்களுக்கு இதனால் நட்டமில்லை; அவர்களுக்கு வேண்டியது ‘அமெரிக்கா’ என்ற விடை மட்டுமே. ஆனால் மோசடிக்காரரைத் தேடிய காவலர்களும், காணாமற்போனவரைத் தேடியவர்களும், ஏமாந்த கோபத்தில் இருந்தவர்களும் அந்த வாசலுக்கே ஆண்டுக்கணக்கில் வந்து நின்றனர். யாரோ ஒருவர் உடைந்த கழிவறைப் பீங்கானைக் கொண்டுவந்து பாதையில் போட்டுவிட்டுப் போனார். 2016-ல் செய்தி வெளியானபின் நிறுவனம் அந்தப் புள்ளியை விச்சிட்டாவுக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது.

தேடல் விளம்பரம் இடத்தேர்வைச் சிறு வணிகரின் கைக்குக் கொண்டுவந்தது. 2000 அக்டோபரில் தொடங்கிய கூகுள் ஆட்வேர்ட்ஸ், 2004-ல் ஒரு முகவரியைச் சுற்றி வட்டம் வரைந்து அதற்குள் மட்டும் விளம்பரம் காட்டும் வசதியைத் தந்தது. ஆள் இருக்கும் இடம் வேறு, ஆள் தேடும் இடம் வேறு என்ற பாகுபாடும் இங்கே முக்கியமானது. சென்னையில் இருந்துகொண்டு ‘மதுரை லாட்ஜ்’ என்று தேடுபவருக்கு மதுரை விடுதியின் விளம்பரம் வருவது சரியே. ஆனால் வீட்டுக்கே வந்து மிக்ஸி பழுதுபார்ப்பவருக்கு, ஊரில் இல்லாதவர் அழுத்தும் ஒவ்வொரு சொடுக்கும் வீண்செலவு. இரு வகையினரையும் சேர்த்தே முன்தேர்வாக வைத்திருக்கும் அமைப்பை மாற்ற மறப்பது விளம்பர மேலாளர்கள் நன்கறிந்த தவறு. அலைபேசி இணையத்தில் ஐபி ஊகம் இன்னும் தளர்ந்தது. பல்லாயிரம் பேரை ஒரே நுழைவாயில் வழியாக அனுப்பும் வலையமைப்பில், தேனியில் இருப்பவர் சென்னைவாசியாகத் தெரியக்கூடும்.

அலைபேசி இழந்ததை அலைபேசியே ஈடுசெய்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கியது. 2008-ல் ஐபோன் 3ஜி ஜிபிஎஸ் கருவியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் எட்டாத கட்டடங்களுக்குள் வைஃபை உதவியது. இந்தியாவில் தொடங்கிய இன்மொபி நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016-ல் எடுத்த நடவடிக்கை அதன் நுட்பத்தை வெளிப்படுத்துகிறது. இட அனுமதி தந்தவர்களின் கருவியிலிருந்து, அருகிலிருந்த வைஃபை அடையாளங்களையும் இடத்தையும் இணைத்து அந்நிறுவனம் ஒரு வரைபடம் தயாரித்தது. பின்னர் அனுமதி மறுத்தவரின் கருவி எந்த வைஃபைக்கு அருகில் இருக்கிறது என்று பார்த்து, அவர் இடத்தையும் கணித்தது. ஒருவர் சொன்ன ‘சரி’, இன்னொருவர் சொன்ன ‘வேண்டாம்’ என்பதைச் செல்லாததாக்கியது. 9,50,000 டாலர் அபராதத்துடன் வழக்கு முடிந்தது.

ஒரு கட்டடத்தைச் சுற்றி வேலியிட்டு, அதற்குள் வந்த கருவிகளுக்கு விளம்பரம் அனுப்புவது ‘ஜியோஃபென்ஸிங்’. காப்லி அட்வர்டைசிங் நிறுவனம் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் கருக்கலைப்பு மருத்துவமனைகளைச் சுற்றி இத்தகைய வேலியிட்டு, உள்ளே காத்திருந்த பெண்களின் அலைபேசிகளுக்குக் கருக்கலைப்புக்கு மாற்றான வழிகளை முன்வைக்கும் விளம்பரங்களை அனுப்பியது. அவர்கள் வீடு திரும்பிய பிறகும் அவை தொடர்ந்தன. மாசசூசெட்ஸ் அரசு தலைமை வழக்கறிஞர் தலையிட்டதால், அம்மாநில மருத்துவ நிலையங்களைச் சுற்றி அவ்வாறு செய்வதில்லை என 2017-ல் அது ஒப்புக்கொண்டது. இடம் என்பது இங்கே வெறும் முகவரியாக இல்லை. உடல்நிலையை அறிவிக்கும் செய்தியாகிவிட்டது.

அஞ்சல் எண்ணும் அப்படித்தான். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி வீட்டுக்கடன் மறுத்த 1930களின் வழக்கம் அந்நாட்டார் நினைவில் நீங்காதது. ஜிப் கோடு மூலம் வீட்டு விளம்பரத்தை மறைக்க முடிந்தபோது அதே சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மீண்டது. குடிமை உரிமை அமைப்புகளுடன் 2019 மார்ச்சில் செய்த உடன்பாட்டின்படி, வீடு, வேலை, கடன் விளம்பரங்களில் ஜிப் கோடு தேர்வை ஃபேஸ்புக் நீக்கியது. வட்டம் வரைந்து தேரும்போது அதன் ஆரம் 15 மைலுக்குக் குறையக்கூடாது என்றும் ஏற்றது. தேர்தல் விளம்பரங்களுக்குக் கூகுள் அனுமதிக்கும் இடத்தேர்வு 2020 முதல் அஞ்சல் எண் அளவோடு நிற்கிறது.

கருவிகளும் இதே திசையில் நகர்ந்தன. 2020-ல் ஐஓஎஸ் 14, 2021-ல் ஆண்ட்ராய்டு 12 ஆகியவை துல்லிய இடத்துக்குப் பதில் தோராய இடத்தை மட்டும் செயலிக்குத் தரும் உரிமையைப் பயனருக்கு வழங்கின. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த பிரைவேட் ரிலே, பயனரின் ஐபி முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகிறது. பொதுவான வட்டாரம் தெரிந்தால் போதுமா, நாடும் நேர மண்டலமும் மட்டும் போதுமா என்பதைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம். அந்த மாற்று முகவரிகள் எந்தெந்த ஊரைக் குறிக்கின்றன என்ற பட்டியலை ஆப்பிளே வெளியிடுகிறது. ஊரை ஊகித்துச் சொல்ல வேண்டியிருந்த தரவுத்தள நிறுவனங்கள், இந்த முகவரிகளைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலைப் பார்த்தே எழுதிக்கொள்ளலாம்.